கன உலோகக் கழிவுநீருக்குத் தாவரக் கரி: சுடுவது முதல் தூண் அமைப்பது வரை முழுமையான வழிகாட்டி

கரி என்றதும் நுண்துளை, பரப்பளவு என்றுதான் பேச்சு தொடங்கும். சாயம், பூச்சிக்கொல்லி, துர்நாற்றம் போன்றவற்றுக்கு அது சரி. அவை கரிமச் சேர்மங்கள். துளைக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். ஈயம், காட்மியம், தாமிரம், நிக்கல் ஆகியவை அப்படிப்பட்டவை அல்ல. நீரில் அவை மின்னூட்டம் கொண்ட அயனிகள். நீர் மூலக்கூறுகளைத் தம்மைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு திரிபவை. வெறும் கார்பன் சுவர் அவற்றை அதிகம் ஈர்ப்பதில்லை. கரியின் மேற்பரப்பிலுள்ள கார்பாக்சில், பீனால், பாஸ்பேட் தொகுதிகள்தான் (அணுக் கூட்டங்கள்) தம்மிடமுள்ள ஹைட்ரஜன் அயனியை விட்டுவிட்டு அந்த இடத்தில் உலோகத்தைப் பிடிக்கின்றன. கிராமுக்கு 1,200 சதுர மீட்டர் பரப்பளவு கொண்ட நீராவிக் கரியைவிட (நீராவியால் துளையேற்றியது), அதில் பாதிப் பரப்பளவே உள்ள அமிலக் கரி (அமிலத்தில் ஊறவைத்துச் சுட்டது) ஈயத்தை அதிகம் பிடிப்பது இதனால்தான். பரப்பளவையும் அயோடின் எண்ணையும் (ஒரு கிராம் கரி பிடிக்கும் அயோடினின் அளவு) மட்டும் பார்த்துக் கரி தேர்ந்தெடுப்பது இந்த வேலையில் உதவாது.

## நீரை முதலில் அளந்துவிடுங்கள்

கரியைத் தொடுவதற்கு முன் இவை கையில் இருக்க வேண்டும்: பிஎச், மிதக்கும் திடப்பொருள், எண்ணெய், கால்சியம், மக்னீசியம், ஒவ்வோர் உலோகத்தின் மொத்த அளவும் கரைந்த அளவும். கரைந்த அளவு என்பது 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்த பிறகு வருவது. இரண்டு எண்களுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருந்தால் உலோகத்தில் பெரும்பகுதி துகளாக மிதக்கிறது என்று பொருள். அதைத் தெளியவைத்தோ மணல் வடிகட்டியிலோ பிடித்துவிடுங்கள். துகளையும் எண்ணெயையும் கரித் தூணுக்குள் (கரி நிரப்பி நீரை ஓடவிடும் குழாய்) விட்டால், கரியின் பிடிப்புத்திறன் தீர்வதற்கு முன்பே தூண் அடைத்துக்கொள்ளும்.

உலோகம் லிட்டருக்கு 50 மி.கி.யைத் தாண்டினால் கரியை முதல் ஆயுதமாக எடுக்காதீர்கள். சுண்ணாம்போ காஸ்டிக் சோடாவோ சேர்த்து, பிஎச்சை 9 அளவுக்கு உயர்த்தி, ஹைட்ராக்சைடாக வீழ்படியச் செய்து, தெளிந்த நீரைக் கரிக்கு அனுப்புங்கள். வீழ்படிவு முறை சில மி.கி. வரை எளிதாகக் கொண்டுவரும். அதற்குக் கீழே திணறும். கரிக்கு வேலை அங்கேதான் இருக்கிறது.

இரண்டு எச்சரிக்கைகள். மின்முலாம் பூசும் ஆலைக் கழிவில் சயனைடு இருக்கலாம். அத்தகைய நீரில் அமிலம் ஊற்றினால் ஹைட்ரஜன் சயனைடு வாயு வெளிவரும்; ஆளைக் கொல்லும். சயனைடை முதலில் பிஎச் 10-க்கு மேல் வைத்து ஹைப்போகுளோரைட்டால் அழித்து, சோதனையில் உறுதிசெய்த பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும். இரண்டாவது, ஈடிடிஏ, அம்மோனியா, சிட்ரேட் போன்ற அணைவுப் பொருள்கள். இவை உலோகத்தைச் சூழ்ந்து பிடித்துக்கொள்வதால் வீழ்படிவும் சரியாக நடக்காது, கரியும் பிடிக்காது. சோதனைக்கூட நீரில் நன்றாக வேலை செய்த கரி, ஆலை நீரில் ஒன்றுமே செய்யவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

## எந்த உலோகத்துக்கு எந்த பிஎச்

ஈயம், தாமிரம்: 5 முதல் 5.5 வரை. அதற்குக் கீழே ஹைட்ரஜன் அயனிகள் பிடிப்பிடங்களை அடைத்துக்கொள்ளும். பிஎச் 2-இல் பிடிப்பு ஏறக்குறைய நின்றுவிடும். 6-ஐத் தாண்டினால் ஹைட்ராக்சைடு வீழ்படியத் தொடங்கி, கரி பிடித்தது எவ்வளவு, தானாகப் படிந்தது எவ்வளவு என்று பிரிக்க முடியாமல் போகும்.

காட்மியம், துத்தநாகம், நிக்கல்: 6 முதல் 7 வரை.

குரோமியம்-6 (+6 ஆக்சிஜனேற்ற நிலையில் உள்ள குரோமியம்) முற்றிலும் வேறு. அது நீரில் குரோமேட் என்ற எதிர்மின் அயனியாக இருக்கிறது. பிஎச் 2 முதல் 3 வரை, கரியின் மேற்பரப்பு நேர்மின்னூட்டம் பெற்றிருக்கும்போது நன்றாகப் பிடிபடும். இங்கே ஒரு பொறி உண்டு. கரி எலக்ட்ரான் கொடுத்துக் குரோமியம்-6-ஐக் குரோமியம்-3 ஆகக் குறைக்கும். அப்படி உருவான குரோமியம்-3 நேர்மின் அயனி. அந்த அமில நீரில் கரியை விட்டு வெளியே வந்துவிடும். டைபினைல் கார்பசைடு சேர்த்து 540 நானோமீட்டரில் அளக்கும் நிறமானி முறை குரோமியம்-6-ஐ மட்டுமே காட்டும். "99 சதவீதம் நீங்கியது" என்று அது சொல்லும்போது, குரோமியத்தில் ஒரு பங்கு இன்னும் நீரிலேயே இருக்கலாம். மொத்தக் குரோமியத்தையும் கட்டாயம் அளந்து, மிச்சமுள்ள குரோமியம்-3-ஐப் பிஎச் 8 முதல் 9 வரை உயர்த்தி வீழ்படியச் செய்யுங்கள்.

ஆர்சனிக்குக்குச் சாதாரணக் கரி கிட்டத்தட்ட வீண். ஆர்சனிக்-3, பிஎச் 9 வரை மின்னூட்டமே இல்லாத மூலக்கூறாக இருப்பதால் முதலில் அதை ஆக்சிஜனேற்றம் செய்து ஆர்சனிக்-5 ஆக்க வேண்டும். பிறகு இரும்பு ஏற்றிய கரி வேண்டும். 10 கிராம் கரியை, 2.7 கிராம் ஃபெரிக் குளோரைடு (ஆறு நீர் மூலக்கூறு கொண்ட வகை) கரைத்த 100 மி.லி. நீரில் ஊறவைத்து, கலக்கியபடியே காஸ்டிக் சோடாக் கரைசலைத் துளித்துளியாக விட்டுப் பிஎச்சை 7-க்குக் கொண்டுவந்து, ஒரு நாள் வைத்து, கழுவி, 60 டிகிரியில் உலர்த்தினால் போதும். அதிகச் சூட்டில் உலர்த்தினால் இரும்பு ஹைட்ராக்சைடு படிகமாகிப் பிடிப்புத்திறன் இறங்கும்.

## மூலப்பொருள்

கொட்டாங்குச்சி, பழக்கொட்டை ஓடு போன்ற கெட்டியான பொருள்கள் தூணில் நொறுங்காமல் நிற்கும். மரத்தூள், கரும்புச் சக்கை, நிலக்கடலைத் தோல் ஆகியவற்றின் கரி மென்மையானது; தொட்டியில் தூளாகப் போட்டுக் கலக்கி வடிப்பதற்கு ஏற்றது. நெல் உமியில் சாம்பல் 15 முதல் 20 சதவீதம் வரை உண்டு, அதில் பெரும்பகுதி சிலிக்கா. அதனால் உமிக்கரியின் எடையில் ஒரு பெரிய பங்கு வேலை செய்யாத சுமை.

வண்ணம் பூசிய மரம், பதப்படுத்திய மரம் வேண்டாம். தாமிரம், குரோமியம், ஆர்சனிக் கலந்த பாதுகாப்பு மருந்து ஏறிய மரத்தைச் சுட்டால், எதை நீக்க வந்தோமோ அதையே நீரில் சேர்த்துவிடுவோம்.

## பாஸ்பாரிக் அமிலக் கரி: 100 கிராமுக்கான அளவு

உலோகங்களுக்கு இதுவே பரிந்துரைக்கத்தக்க வழி. வெப்பநிலை குறைவு, விளைச்சல் அதிகம், மேற்பரப்பில் அமிலத் தொகுதிகள் தாமாகவே அமைகின்றன. துத்தநாகக் குளோரைடு முறையும் புழக்கத்தில் உண்டு. ஆனால் எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் துத்தநாகம் தங்கிவிடும், உலோகம் நீக்கும் கரிக்கு அது பொருந்தாது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு முறைக்கு 700 டிகிரிக்கு மேல் வேண்டும். உலையில் பொட்டாசியம் உலோக ஆவி உண்டாகும். அனுபவமில்லாதவர்கள் அதைத் தொட வேண்டாம்.

1. கொட்டாங்குச்சி ஓட்டைக் கழுவி, நார் நீக்கி, 105 டிகிரியில் ஓர் இரவு உலர்த்துங்கள். இடித்து 0.5 முதல் 1.5 மி.மீ. வரையுள்ள பகுதியைச் சலித்தெடுங்கள். 100 கிராம் நிறுத்துக்கொள்ளுங்கள்.

2. 150 மி.லி. நீரில் 85 சதவீதப் பாஸ்பாரிக் அமிலம் 105 மி.லி.யை மெதுவாக ஊற்றுங்கள். அமிலத்தை நீரில் ஊற்ற வேண்டும், நீரை அமிலத்தில் அல்ல. இந்த அளவில் ஓட்டின் எடையைப்போல் ஒன்றரை மடங்கு தூய அமிலம் இருக்கும். அடர் அமிலத்தை நேரடியாக ஊற்றினால் பிசுபிசுப்பால் உள்ளே ஊறாது; வெளிப்புறம் மட்டும் கருகும்.

3. ஓட்டைக் கொட்டி 80 டிகிரியில் இரண்டு மணி நேரம் கிளறிவிட்டு, ஓர் இரவு ஊறவிடுங்கள். பிறகு 110 டிகிரியில், நீர் வற்றிக் கறுத்த பிசின்போல் ஆகும்வரை வையுங்கள். இந்த உலர்த்தலை அவசரப்படுத்தினால் உலையில் பொங்கி வழியும்.

4. மூடியுள்ள பீங்கான் மூசையில் (உலையில் வைக்கும் கிண்ணம்) முக்கால் பாகம் நிரப்பி, நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் 450 டிகிரி வரை ஏற்றி, ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். நைட்ரஜன் ஓட்டம் இருந்தால் நல்லது. இல்லையென்றால் மூடி இறுக்கமாக இருக்கட்டும். 500-ஐத் தாண்டத் தேவையில்லை. அதற்கு மேல் அமைப்பு சுருங்கித் துளைகள் குறையத் தொடங்கும். புகை வெளியேற்றும் வசதி கட்டாயம். சூடான பாஸ்பாரிக் அமிலம் பீங்கானின் மெருகையும் எஃகையும் அரிக்கும் என்பதால் இந்த மூசையை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

5. 100 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகே மூடியைத் திறங்கள். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டு மேல் அடுக்கு சாம்பலாகும்.

6. 60 முதல் 70 டிகிரி வரை சூடான காய்ச்சி வடித்த நீரில் திரும்பத் திரும்பக் கழுவுங்கள். முதல் இரண்டு கழுவல்களில் அமிலம் நிறைய இருக்கும். ஆவியாக்கிச் செறிவாக்கி மறுபடி பயன்படுத்தலாம். கழுவிய நீரின் பிஎச் 6-ஐ நெருங்க வேண்டும்.

7. 110 டிகிரியில் உலர்த்தி, மறுபடி சலித்து, தூளை நீக்கி, காற்றுப் புகாத புட்டியில் வையுங்கள். 40 முதல் 50 கிராம் வரை கிடைக்கும்.

ஆறாவது படியில்தான் பலர் சறுக்குகிறார்கள். பிஎச் சரியாக வந்தும் பாஸ்பேட் மீதமிருக்கலாம். அது ஈயத்தோடு சேர்ந்து கரையாத ஈயப் பாஸ்பேட்டாகப் படியும். முதல் சுற்றில் பிடிப்பு அபாரமாகத் தெரியும், இரண்டாம் சுற்றில் பாதிகூட இருக்காது. கடைசிக் கழுவல் நீரில் சிறிது நைட்ரிக் அமிலமும் அம்மோனியம் மாலிப்டேட்டும் சேர்த்துச் சூடாக்கிப் பாருங்கள். மஞ்சள் படிவு வந்தால் கழுவல் முடியவில்லை. கழுவும் நீர் பழுப்பாகவே வந்துகொண்டிருந்தால் அது வேறு கோளாறு: வெப்பம் போதவில்லை, கரி பாதி வெந்திருக்கிறது.

## உயிர்க்கரியும் வாங்கிய கரியும்

அமிலமோ உலையோ இல்லாத இடத்தில், காற்றுக் குறைவான கொள்கலனில் 500 டிகிரி அளவில் சுட்ட உயிர்க்கரியும் ஈயத்தை நன்றாகவே நீக்கும். ஆனால் காரணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். உயிர்க்கரியின் சாம்பலில் உள்ள கார்பனேட்டும் பாஸ்பேட்டும் நீரைக் காரமாக்கி உலோகத்தை வீழ்படியச் செய்கின்றன. அந்தச் சாம்பல் கரைந்து தீர்ந்ததும் பிடிப்பும் இறங்கிவிடும். அமில நீர் பட்டால் படிந்தது திரும்பக் கரையும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் வேலைக்குச் சரி, மறுசுழற்சிக்கு அல்ல.

கடையில் வாங்கிய நீராவிக் கரி கையில் இருந்தால் நைட்ரிக் அமிலத்தால் அதைத் தேற்றலாம். 10 கிராமுக்கு 5 மோலார் நைட்ரிக் அமிலம் 100 மி.லி.; 80 டிகிரியில் மூன்று மணி நேரம், புகைக்கூண்டுக்குள். பழுப்புப் புகை நைட்ரஜன் டைஆக்சைடு, நச்சு. ஒரே தடவையில் கொட்டாமல் கரியைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். பாதி வெந்த உயிர்க்கரிக்கு இந்த முறை வேண்டவே வேண்டாம். பொங்கிக் கட்டுமீறிச் சூடேறும். பிறகு பிஎச் 5 வரும்வரை கழுவ வேண்டும். பரப்பளவு குறையும், உலோகப் பிடிப்பு கூடும்.

## கரியைச் சோதிப்பது

சுழி மின்னூட்டப் புள்ளி, அதாவது மேற்பரப்பின் மின்னூட்டம் சுழியாகும் பிஎச், முதலில் தெரிய வேண்டும். 0.01 மோலார் சோடியம் குளோரைடு கரைசலை 50 மி.லி. வீதம் ஒன்பது குப்பிகளில் எடுத்து, பிஎச்சை 2 முதல் 10 வரை ஒவ்வொன்றாக அமைத்து, ஒவ்வொன்றிலும் 0.15 கிராம் கரி போட்டு 24 மணி நேரம் குலுக்குங்கள். தொடக்கப் பிஎச்சும் முடிவுப் பிஎச்சும் ஒன்றாக இருக்கும் இடமே அந்தப் புள்ளி. நல்ல அமிலக் கரிக்கு அது 3 அல்லது 4-ஐ ஒட்டி வரும். நீரின் பிஎச் இதைவிட மேலே இருந்தால் மேற்பரப்பு எதிர்மின். ஈயம், காட்மியம் ஒட்டும். 8, 9 என்று வந்தால் அது காரக் கரி.

அடுத்தது தொகுதிச் சோதனை, அதாவது கரியைக் குப்பியிலுள்ள கரைசலில் போட்டுக் குலுக்கி அளப்பது. லிட்டருக்கு 1,000 மி.கி. கொண்ட மூலக் கரைசலுக்கு: ஈயம் என்றால் ஈய நைட்ரேட் 1.598 கிராம், தாமிரம் என்றால் மயில்துத்தம் 3.929 கிராம், குரோமியம்-6 என்றால் பொட்டாசியம் டைகுரோமேட் 2.829 கிராம், ஒவ்வொன்றும் ஒரு லிட்டரில். ஈயத்துக்குப் பாஸ்பேட் தாங்கல் கரைசல் (பிஎச்சை மாறாமல் வைப்பது) வேண்டாம். குப்பிகள் பாலிபுரொப்பிலீனாக இருக்கட்டும். கண்ணாடிச் சுவரே கொஞ்சம் ஈயத்தைப் பிடித்துக்கொள்ளும்.

100 மி.லி. கரைசலில் 0.1 கிராம் கரி போட்டு, 5, 15, 30, 60, 120, 240 நிமிடங்களில் அளந்து, எப்போது மாறாமல் நிற்கிறது என்று பாருங்கள். பிஎச்சை நடுவிலும் அளந்து திருத்துங்கள். உலோகத்தைப் பிடிக்கும் அமிலக் கரி ஹைட்ரஜன் அயனியை விடுவதால் பிஎச் தானாக இறங்கும். திருத்தாவிட்டால் கரியின் உண்மையான திறன் தெரியாது. பிறகு 5 முதல் 200 மி.கி. வரை வெவ்வேறு செறிவுகளில் செய்து, ஒரு கிராம் பிடித்த அளவைக் கணக்கிடுங்கள்: செறிவு குறைந்த அளவைக் கரைசலின் கன அளவால் பெருக்கி, கரியின் எடையால் வகுக்க வேண்டும். 50 மி.கி. 5 ஆக இறங்கியிருந்தால், 45 × 0.1 ÷ 0.1, அதாவது கிராமுக்கு 45 மி.கி.

இரண்டு வெற்றுச் சோதனைகளைத் தவறவிடக் கூடாது: கரி இல்லாத உலோகக் கரைசல், உலோகம் இல்லாத கரி நீர். முதலாவதில் உலோகம் குறைந்தால் வீழ்படிவோ குப்பிச் சுவரோ காரணம். மாதிரியை வடித்த பிறகே நைட்ரிக் அமிலம் சேர்த்துப் பிஎச் 2-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். வடிக்கும் முன் சேர்த்தால் கரித்தூளில் ஒட்டிய உலோகம் கழன்று கணக்கைக் கெடுத்துவிடும்.

## எவ்வளவு கரி வேண்டும்: பலரும் தவறும் கணக்கு

அறிக்கைகளில் பெருமையாகச் சொல்லப்படும் "உச்சப் பிடிப்பு", கரி முழுதும் நிறையும் அளவுக்கு உயர்ந்த செறிவில் கிடைப்பது. உங்கள் நீரில் அது கிடைக்காது. ஒரு கரியின் உச்சப் பிடிப்பு கிராமுக்கு 40 மி.கி., லாங்மூர் மாறிலி (கரி உலோகத்தை எவ்வளவு வலுவாகப் பற்றுகிறது என்பதைக் காட்டும் எண்) 0.2 என்று வைத்துக்கொள்வோம். பிடிப்பு = 40 × 0.2 × செறிவு ÷ (1 + 0.2 × செறிவு).

லிட்டருக்கு 10 மி.கி. ஈயத்தை 0.1 ஆக்க வேண்டும். ஒரே தொட்டியில் செய்தால் கரி கடைசியில் 0.1 மி.கி. நீரோடுதான் சமநிலையில் நிற்கும். அந்தச் செறிவில் பிடிப்பு 0.78 மி.கி. மட்டுமே. நீக்க வேண்டிய 9.9-ஐ இதால் வகுத்தால் லிட்டருக்கு 12.6 கிராம் கரி. உச்சப் பிடிப்பை நம்பியவர் 0.25 கிராம் என்று கணக்கிட்டிருப்பார்.

அதே வேலையை இரண்டு தொட்டிகளில், முதலில் 10-இலிருந்து 1-க்கு, பிறகு 0.1-க்கு என்று செய்தால் 1.35 + 1.15, மொத்தம் 2.5 கிராம். தூணிலோ நுழைவாயிலில் உள்ள கரி எப்போதும் 10 மி.கி. நீரைச் சந்திக்கிறது, அங்கே பிடிப்பு கிராமுக்கு 26.7 மி.கி. கோட்பாட்டளவில் 0.38 கிராம் போதும். கரி ஒன்றே, அமைப்பு மாறியதால் முப்பது மடங்கு வித்தியாசம்.

## தூண்

முதலில் சிறிய தூணில் ஓட்டிப் பாருங்கள். உள்விட்டம் 2.5 செ.மீ., படுகை உயரம் 20 செ.மீ., துகள் 1 மி.மீ. அல்லது அதற்குக் கீழே. தூணின் விட்டம் துகளைப்போல் 10 மடங்காவது இல்லாவிட்டால் நீர் சுவரோரமாக நழுவி ஓடும். நிமிடத்துக்கு 5 மி.லி. விட்டால் தொடு நேரம் (நீர் படுகையைக் கடக்கும் நேரம்) ஏறக்குறைய 20 நிமிடம். உண்மையான ஆலை நீரையே விடுங்கள். லிட்டருக்கு 100 மி.கி. கால்சியம் உள்ள நீரில், 2 மி.கி. ஈயத்தைவிடக் கால்சியம் அயனிகள் எண்ணிக்கையில் சுமார் 260 மடங்கு அதிகம். ஈயத்தின் மீது கரிக்கு விருப்பம் அதிகம் என்றாலும் இந்தக் கூட்டத்தில் பிடிப்பு குறையத்தான் செய்யும்.

நாளுக்கு 1,000 லிட்டர், 10 மணி நேர ஓட்டம், உள்வரும் ஈயம் 2 மி.கி. என்றால்: மணிக்கு 100 லிட்டர். தொடு நேரம் 30 நிமிடம் வைத்தால் 50 லிட்டர் படுகை. கரி சுமார் 22 கிலோ. 25 செ.மீ. விட்டக் குழாயில் படுகை உயரம் 1 மீட்டருக்குச் சற்று மேல், நீர் வேகம் மணிக்கு 2 மீட்டர். மேற்கண்ட கரி 2 மி.கி. செறிவில் கிராமுக்கு 11 மி.கி. பிடிக்கும், போட்டி அயனிகளுக்காகப் பாதிக்கும் கீழே, 5 மி.கி. என்று எடுத்தால் 110 கிராம் ஈயம். நாளுக்கு 2 கிராம் வீதம் 55 நாள்.

இப்படி இரண்டு தூண்களை வரிசையாக இணையுங்கள். முதல் தூணின் வெளிநீரில் ஈயம் உள்நீரில் பாதியை எட்டும்போது அதைக் கழற்றி, இரண்டாவதை முதலிடத்துக்கு மாற்றி, புதுக் கரியைக் கடைசியில் வைக்க வேண்டும். ஒற்றைத் தூண் என்றால் இலக்கைத் தாண்டிய நாளே மாற்ற வேண்டியிருக்கும். மேல்பகுதி நிறைந்து கீழ்ப்பகுதி பாதி காலியாக இருக்கும்போதே கரி வீணாகும்.

நிரப்பும் முன் கரியை 24 மணி நேரம் நீரில் ஊறவையுங்கள். உலர்ந்த கரியின் துளைகளில் காற்று நிற்கும். நீர் புகாது, படுகை மிதந்து பிளவுபடும். கீழிருந்து நீர் விட்டுப் படுகை 30 சதவீதம் உயரும்படி கழுவித் தூளை வெளியேற்றுங்கள். வெளிநீரின் பிஎச்சை நாள்தோறும் பாருங்கள். உலோக அளவீட்டைவிட அதுவே முதலில் கோளாறைச் சொல்லும்.

நிக்கலோ துத்தநாகமோ உள்நீரில் இருப்பதைவிட வெளிநீரில் அதிகமாக வந்தால் கருவி பழுது என்று நினைக்க வேண்டாம். ஈயமும் தாமிரமும் வலுவாகப் பிடிபடுபவை. முன்பே ஒட்டியிருந்த நிக்கலைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் அமர்கின்றன. பல உலோகம் கலந்த நீரில், முதலில் நழுவும் உலோகத்தை வைத்தே தூண் மாற்றும் நாளைத் தீர்மானியுங்கள்.

## மீட்பதும் கழிப்பதும்

நேர்மின் உலோகங்களை 0.1 மோலார் அமிலம் கழற்றிவிடும். ஈயத்துக்கு நைட்ரிக் அமிலமே வேண்டும். சல்பேட் கரையாது, குளோரைடும் குறைவாகவே கரையும், இரண்டும் துளைக்குள்ளேயே படிந்துவிடும். மேலே சொன்ன 50 லிட்டர் தூணுக்குப் படுகையைப்போல் ஐந்து மடங்கு, 250 லிட்டர். அதற்கு 70 சதவீத நைட்ரிக் அமிலம் சுமார் 1.6 லிட்டர். மெதுவாக விட்டால் லிட்டருக்கு 440 மி.கி. வரை ஈயம் செறிந்த திரவம் கிடைக்கும். அதை முன்னால் உள்ள வீழ்படிவுத் தொட்டிக்கே திருப்பிவிடலாம். பிறகு நீரால் அலசி, நீர்த்த சோடியம் பைகார்பனேட் கரைசல் விட்டுப் பிஎச்சை 5.5-க்குக் கொண்டுவராமல் தூணைத் திரும்ப ஓட்டாதீர்கள்; முதல் சில நூறு லிட்டர் அமிலமாக வந்து எதையும் பிடிக்காது. குரோமியம்-6 பிடித்த கரிக்கு 0.1 மோலார் காஸ்டிக் சோடா. மீட்புச் சுற்று ஒவ்வொன்றிலும் கொஞ்சம் திறன் போகும்; புதுக் கரியின் பிடிப்பில் 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மாற்றிவிடலாம்.

தீர்ந்த கரி அபாயக் கழிவு. மண்ணில் உரமாகக் கலக்கக் கூடாது, அடுப்பில் எரிக்கவும் கூடாது. காட்மியம் 767 டிகிரியில் கொதிக்கும். தீயில் புகையாகி மூச்சில் ஏறும். எஞ்சும் சாம்பலிலோ மற்ற உலோகங்கள் பன்மடங்கு செறிந்திருக்கும். கரியை நீர் வடித்து, மூடியுள்ள பிளாஸ்டிக் பீப்பாயில், எந்த உலோகம், எத்தனை கிலோ, எந்தத் தேதி என்று எழுதி ஒட்டி, அனுமதி பெற்ற அபாயக் கழிவு நிலையத்துக்கு அனுப்புங்கள். சிமெண்டில் கட்டி இறுக்கும் முறையைத் தேர்ந்தால், இறுகிய கட்டியை அமிலக் கசிவுச் சோதனைக்கு அனுப்பி, முடிவு வந்த பிறகே இடம் மாற்றுங்கள். ஈயமும் துத்தநாகமும் சிமெண்ட் இறுகுவதையே தாமதப்படுத்தக்கூடியவை.